கார்த்திகையில் போட்ட ஓட்டை

“வெளியில இருக்கிற சூட்டை எல்லாம் நாங்கள் உள்ளுக்கு இழுத்தால், வெளியில நிக்கிற ஆக்களுக்கு இன்னும் குளிராதா?”

எட்டு வயது யாழ் இதைக் கேட்டது ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். எல்லாரும் மேசையைச் சுற்றியிருந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்ச வெப்பத்தையும் உறிஞ்சி வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் பம்பு ஒன்றைப் பற்றி, கையிலிருந்த விளம்பரத்தாளைப் பார்த்துச் சோதிலிங்கம் விளக்கிக்கொண்டிருந்தான். மகளின் கேள்விக்கு அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

“நோர்வேக் காத்து முழுக்க உன்ரை அப்பாவுக்கு எண்டு எழுதி வைக்கேல்லைப் பிள்ளை. நாங்கள் ஒரு துளிதான் எடுக்கிறம்.”

மூத்தவள் சாருகாவும் சிரித்தாள். விமலாதேவி மட்டும் சிரிக்கவில்லை. தங்களுக்கு உரியதல்லாத ஒன்றை எடுக்கப்போகிறோமோ என்று ஒரு சின்னப் பயம் அன்றைக்கே அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பம்பு தேவையில்லாமலும் இல்லை. ஹவுகெட்டோ ரயில் நிலையத்திலிருந்து மேடேறிப் போனால் ஆறு வீடுகள் ஒட்டியபடி நிற்கும் வரிசையில் ஐந்தாவது அவர்களுடையது. சுவரோரக் குழாய்களில் சுடுநீர் ஓடித்தான் வீடு சூடாகும். நிலவறையில் இருந்த மின்கொதிகலனுக்குச் சாருகாவைவிட வயது கூட. மாசி மாதத்து மின்சாரக் கட்டணம் வந்தால் அதை யார் முதலில் திறப்பது என்று புருசனும் பெண்சாதியும் ஆளையாள் பார்ப்பார்கள். சோதிலிங்கத்துக்குப் பாண் தொழிற்சாலையில் மா மூட்டை தூக்கி முதுகு போய்விட்டது. இப்போது அரை நாள் வேலைதான். விமலாதேவி முதியோர் இல்லமொன்றின் சலவையறையில் நின்றாள். நாள் முழுக்க ஆவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளை மூலை பிடித்து மடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சப்பாத்தைக் கழற்றும்போதே குளிர் குதிக்காலில் ஏறும்.

பம்புக்குப் பாதிக் காசை மானியமாகத் தருகிறார்கள் என்று கோயிலில் ஒருவர் சொல்ல, சாருகா விண்ணப்பத்தை நிரப்பினாள். அவளுக்கு வயது பத்தொன்பது, தாதிப் படிப்பு. பிறந்ததே இங்கே என்பதால், எந்தக் கடிதம் வந்தாலும் பயமில்லாமல் திறப்பாள்.

“அப்பா, வடிவாக் கேளுங்கோ. அனுமதிக் கடிதம் வரமுதல் வேலை தொடங்கப்படாது. தொடங்கேல்லை எண்டு ஒரு பெட்டி இருக்கு. நான் அதுக்குப் புள்ளடி போடுறன். சரியோ?”

“ஓமோம். போடு.”

சோதிலிங்கம் அன்று பொய் சொல்லவில்லை. பிழை பிறகுதான் வந்தது.

கார்த்திகை பிறந்தும் பதில் வரவில்லை. மார்கழி நெருங்கியது. மார்கழியில் வீட்டு வேலை தொடங்குவதில்லை என்பது அவன் தகப்பன் காலத்திலிருந்து ஊறிப்போன வழக்கம். அவன் கோயில் ஐயரைக் கேட்டான். அவரும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, கார்த்திகை இருபத்தாறு, அதாவது டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, காலையில் நல்ல நேரம் என்றார். பம்பைப் பொருத்திப் பூட்டவிருந்த சயூரன் புருசெத்தில் இருக்கிற, அனுமதிப்பத்திரம் பெற்ற மின்னியலாளன். அவனை விமலாதேவியும் பிள்ளைகளும் இல்லாத நேரத்தில் கூப்பிட்டு, தேங்காய் உடைத்து, நடைவழிச் சுவரில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, குழாய் போகும் ஓட்டை ஒன்றை மட்டும் துளைப்பித்தான். வெளிப்பக்கம் இரண்டு இரும்புத் தாங்கிகளும் ஏறின. வெற்றிலையில் நூற்றொரு குரோனர் வைத்துக் கொடுத்தான். எல்லாம் இருபது நிமிட வேலை.

“இது வேலை இல்லை, நாள் வைக்கிறது,” என்றான் பின்னேரம் வீட்டுக்கு வந்த விமலாதேவியிடம். “வேலை கடிதம் வந்தாப் பிறகு.”

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. விபூதி எடுத்து அந்த ஓட்டைக்கு மேல் தானும் பூசினாள். சாருகாவிடம் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

அனுமதிக்குப் பதிலாகத் தை பிறக்குமுன் இன்னொரு கடிதம் வந்தது. விண்ணப்பங்களில் சிலவற்றை நேரில் வந்து பார்ப்பது வழக்கம் என்றும், வியாழக்கிழமை, ஜனவரி எட்டாம் தேதி, மதியம் ஒரு மணிக்கு அலுவலர் வருவார் என்றும் அதில் இருந்தது. வேலை தொடங்கியிருந்தால் மானியம் இல்லை. தவறான தகவல் தந்தவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படலாம். சாருகா வாசித்துக்கொண்டு போக, விமலாதேவியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

“ஏனம்மா முகம் இப்பிடிப் போகுது? வந்து பாத்திட்டுப் போகட்டும்.”

சோதிலிங்கம் நடைவழியைப் பார்த்தான். சாருகாவும் பார்த்தாள். குடைகள் தொங்கும் இடத்துக்குப் பின்னால், சுவரில் ஒரு கைப்பிடி அகலத்தில், மஞ்சள் கரையோடு ஓட்டை.

“இது எப்ப?”

சோதிலிங்கம் ஒரு குடையை இழுத்து ஓட்டைக்கு மேல் விட்டான்.

“அப்பா, இது எப்ப எண்டு கேட்டனான்.”

“நாள் வைச்சனாங்கள் பிள்ளை. மார்கழி வருகுதெண்டு…”

“நான் புள்ளடி போட்டிருக்கிறன். தொடங்கேல்லை எண்டு நான் எழுதியிருக்கிறன். இப்ப பொய் சொன்ன ஆள் நான்.” அவள் சத்தம் போடவில்லை. அதுதான் விமலாதேவிக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்றிரவு அவளுக்கு நித்திரை பிடிக்கவில்லை. அகதி விசாரணைக் காலத்தில் அவளோடு ஒரே முகாமில் இருந்த ஒரு பெடியன், ஊரைவிட்டு வெளிக்கிட்ட தேதியை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டான். அவனைத் திருப்பி அனுப்பினார்கள். இருபத்தாறு வருசம் கழிந்தும், இந்த நாட்டுக் கடவுச்சீட்டு அலுமாரியில் கிடந்தும், தேதி எழுதவேண்டிய இடத்தில் அவள் மூன்று தடவை சரிபார்ப்பாள். இப்போது அதே பிழை தன் பிள்ளையின் பெயரில்.

மூன்றாம் நாள் கொதிகலன் நின்றது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினாறு பாகை. சயூரன் வந்து நிலவறையில் படுத்துக்கிடந்து பார்த்தான்.

“அண்ணை, இது செத்துப்போச்சு. இதுக்குச் சாமான் இப்ப செய்யிறேல்லை.”

“பம்பைப் பூட்டன் தம்பி. உன்ரை ஸ்டோரிலதானே கிடக்கு.”

“பூட்டினால் மானியத்தை மறக்கவேணும். வாறவன் பாத்திட்டுப் போகட்டும். இன்னும் எத்தினை நாள், அஞ்சுதானே.” சயூரன் எழும்பிக் கையைத் துடைத்தான். “அண்ணை, ஓட்டையைப் பற்றி என்னட்டைக் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன். என்ரை லைசன்ஸ் போயிடும். குறை நினையாதையுங்கோ.”

“நீ ஒண்டும் சொல்லவேண்டாம். நான் பாத்துக்கொள்ளுறன்.”

இரண்டு மின் ஹீற்றர்களை வாங்கி வந்தார்கள். வீட்டுக்குள் வெப்பமானி பதினொன்றைக் காட்டியது. எல்லாரும் தொப்பி போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். யாழுக்கு நெஞ்சில் இழுப்பு. அவள் மூச்சு விடும் சத்தத்தை விமலாதேவி சமையலறையிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பாள். கொத்தமல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தாள், நெஞ்சுக்கு எண்ணெய் தடவினாள், மூச்சுமருந்தைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். அடுப்பையும் இரண்டு ஹீற்றரையும் ஒன்றாகப் போட்டால் பியூஸ் விழும். விழுந்த ஒவ்வொரு தடவையும் இருட்டுக்குள் முதலில் கேட்பது பிள்ளையின் இருமல்தான்.

“உந்தப் பக்கத்து வீட்டுக் கிழவி கந்தோருக்கு எழுதிப்போட்டிருக்கும்,” என்றான் சோதிலிங்கம் ஒரு பின்னேரம், பியூசை ஏற்றிவிட்டு வந்து. “சயூரன் துளைக்கேக்கை யன்னலுக்கால பாத்துக்கொண்டு நிண்டது.”

ஆறாவது வீட்டில் இருந்தவள் நோரா. எழுபத்தெட்டு வயது. வேலை செய்த காலம் முழுக்க ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவள் என்பது வரிசைக்கே தெரியும். அவளோடு விமலாதேவியின் பழக்கம் காலை வணக்கத்துக்கு அப்பால் போனதில்லை.

“அவவைப் பாவம் ஏன் இழுக்கிறியள்? பிழை எங்கடை.”

“நான் சொல்லுறன், அதுதான். கந்தோர்ப் புத்தி போகாது.”

அவள் மறுத்துச் சொன்னாளே தவிர, பயம் மறுக்கவில்லை. அடுத்த நாள் வாசற்படியில் பனி வழித்துக்கொண்டிருந்த நோராவைக் கண்டதும் விமலாதேவி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே போன பிறகு அதற்காகவும் வெட்கப்பட்டாள்.

அன்று ஐந்து மணிக்கு மறுபடி பியூஸ் விழுந்தது. சோதிலிங்கம் வேலையில். விமலாதேவி மெழுகுதிரி தேடிக்கொண்டிருக்க, கதவு தட்டுப்பட்டது. நோரா நின்றாள். தோளில் ஒரு சுருள் தடித்த மின்கம்பி, கையில் எண்ணெய் ஹீற்றர் ஒன்று.

“குழந்தை இருமுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது,” என்றாள் நோரா, நிறுத்தி நிறுத்தி, விமலாதேவிக்கு விளங்கும் நோர்வேஜிய மொழியில். “இது என் வீட்டு மின்சாரத்தில் ஓடும். கம்பியை நிலவறை யன்னலால் எடுக்கலாம். இந்தக் கம்பியில் வேறெதையும் கொழுவாதீர்கள். இது ஒன்று மட்டும்.”

விமலாதேவிக்கு நன்றி என்ற ஒரு சொல்தான் வந்தது. காசு பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“என்னிடம் அதைப் பேசாதீர்கள்,” என்றாள் நோரா. “எனக்குக் கோபம் வரும்.”

யாழின் அறை அன்றிரவு பத்தொன்பதுக்கு ஏறியது. இழுப்புச் சத்தம் மெல்லத் தணிந்தது. வேலையால் வந்த சோதிலிங்கம் ஹீற்றரைக் கண்டான், கம்பி எங்கே போகிறது என்று பார்த்தான், போய்க் கால் கழுவினான்.

புதன்கிழமை அவன் லீவு எடுத்து வீட்டில் நின்றான். வெளித் தாங்கிகளைக் கழற்றி நிலவறையில் மரப்பலகைகளுக்குக் கீழே மறைத்தான். வெளிப்பக்க ஓட்டையை அடைத்து அதற்கு மேல் பனியைக் குவித்தான். உள்ளே பழைய சாரத் துணியொன்றைக் கிழித்துத் திணித்துப் பூச்சு வைத்தான். ஈரப் பூச்சு சுவரில் வட்டமாகத் தெரிந்தது. கடைசியில் சாமி அறையிலிருந்த முருகன் கலண்டரை எடுத்துவந்து அதற்கு மேல் கொழுவினான். இடுப்பளவு உயரத்தில், குடைகளுக்கு நடுவில், வேலும் மயிலுமாக முருகன்.

வேலையால் வந்த விமலாதேவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சாருங்கோ. முருகனை எதுக்குக் காவலுக்கு விட்டிருக்கிறியள்?”

“ஒரு நாளைக்குத்தானே. நாளைக்கு ஒரு மணிக்கு வருவான், ஒண்டரைக்குப் போயிடுவான்.”

“கேட்டால்?”

“என்னத்தைக் கேக்கப்போறான்? கலண்டரைத் தூக்கிப் பாப்பானோ? அது எங்கடை சாமி. தொடமாட்டான். அந்த மரியாதை அவங்களுக்கு இருக்கு.”

“அந்த மரியாதையை வைச்சே ஏமாத்தப் போறம், அப்பிடியோ?”

“விமலா, உமக்கு விளங்கேல்லை. மானியம் இல்லாட்டி எனக்கு வங்கி கடன் தராது. இந்த முதுகோட நான் இன்னொரு வேலைக்குப் போகேலாது. பிள்ளை இழுத்துக்கொண்டு கிடக்கு. நான் மற்றவையின்ரை சொத்தையோ எடுக்கிறன்? ஓட்டைதானே போட்டனான். ஒரு ஓட்டை.”

அவன் குரல் உடைந்தது. அவன் பயமும் தன் பயமும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு மூன்று நிமிடம் இருக்க மணி அடித்தது. வந்தவரின் பெயர் றொனால்ட். ஐம்பது வயதிருக்கும், உயரம், மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்தார். சோதிலிங்கம் அவரை நேரே நிலவறைக்குக் கூட்டிப்போனான். செத்த கொதிகலனைப் பார்த்தார், படம் எடுத்தார், குழாய்களைத் தொட்டார். சாருகா கூடவே நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. மேலே வந்து, தொப்பியோடு கதிரையில் சுருண்டிருந்த யாழைக் கண்டு றொனால்ட் சிரித்தார்.

“நல்லது,” என்றார். “குழாய் எந்தச் சுவரால் உள்ளே வரும்?”

சோதிலிங்கம் கையை நீட்டினான். கை நடைவழியைக் காட்டியது. றொனால்ட் நடைவழிக்குத் திரும்பினார். கலண்டரைப் பார்த்தார். தொடவில்லை. புருசன் சொன்னது சரிதான், அந்த மரியாதை இருந்தது. பேனையை எடுத்தார். “அப்படியானால், இதுவரை எந்த வேலையும் தொடங்கவில்லை?”

கேள்வி சாருகாவிடம் கேட்கப்பட்டது. சாருகா வாய் திறந்தாள்.

பிள்ளை பொய் சொல்லிவிடும் முன் தான் முந்திவிட வேண்டும் என்பது மட்டும்தான் விமலாதேவிக்குத் தெரிந்தது. இரண்டு எட்டு வைத்து, கலண்டரை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணில் ஒற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஈர வட்டம் தெரிந்தது.

“ஓட்டை,” என்றாள் நோர்வேஜிய மொழியில். “டிசம்பர் பன்னிரண்டு. நாங்கள் போட்டோம். மகளுக்குத் தெரியாது. மகள் பொய் இல்லை. நான் விபூதி பூசினேன். நானும் பிழை.”

சோதிலிங்கம் சுவரில் சாய்ந்துகொண்டான். பிறகு சாருகா, நல்ல நாள் என்றால் என்ன, மார்கழி என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கினாள். றொனால்ட் முழுவதையும் கேட்டார்.

“என் அம்மா சனிக்கிழமையில் எந்த வேலையும் தொடங்கமாட்டார்,” என்றார். “உருளைக்கிழங்கு நடுவதுகூட இல்லை. ஆனால் விதி விதிதான். நான் பார்த்ததை எழுதத்தான் வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து இட்டீர்களா?”

“இல்லை.”

“காசு?”

சாருகா தகப்பனைப் பார்த்தாள். “வெத்திலையில வைச்சு நூற்றொரு குரோனர்,” என்று அவன் முனகினான். அவள் மொழிபெயர்த்தாள்.

றொனால்ட் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். தேவைக்கு அதிகமான நேரம்.

“மறுக்கப்பட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டதுதான். அதே வீட்டுக்கு மறுபடி கேட்பது கடினம். ஆனால் தாங்களாகவே திரும்பப் பெற்ற விண்ணப்பத்தைப் பற்றி நான் எழுதுவதற்கு எதுவும் இராது. நான் இன்னும் சாப்பிடவில்லை. கந்தோருக்குப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் ஆகும்.” நிமிர்ந்தார். “புதிதாக எழுதினால் முதல் வரியிலேயே இந்த ஓட்டையைப் பற்றி எழுதுங்கள். அதை நிரந்தரமாக மூடுங்கள். வேறு சுவரைத் தெரிவுசெய்யுங்கள். கிடைக்குமா என்று நான் சொல்ல முடியாது. அதைப் பார்ப்பது நானல்ல.”

யாராவது அறிவித்தா வந்தீர்கள் என்று சாருகா கேட்டதற்கு, “இல்லை, கணினி எடுத்த பெயர்,” என்று சொல்லிவிட்டு அவர் பனிக்குள் நடந்தார். சோதிலிங்கம் ஆறாவது வீட்டுப் பக்கம் பார்த்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

பழையதைத் திரும்பப் பெற்று, புதியதை எழுதி முடிக்க இரண்டேகால் ஆனது. முதல் வரியைச் சாருகா தமிழில் தாய்க்கும் தகப்பனுக்கும் வாசித்துக் காட்டினாள். அனுப்பப் போனபோது சோதிலிங்கம் கைத்தொலைபேசியைப் பார்த்தான்.

“விமலா… இப்ப ராகுகாலம். மூண்டு மணிக்குத்தான் முடியும்.”

“மூண்டு மணி தாண்டினால் அந்த மனுசன் கந்தோரில நிப்பார்,” என்றாள் விமலாதேவி. “நீ அனுப்பு பிள்ளை. மார்கழியும் ராகுகாலமும் சேர்ந்து வரட்டும். முருகன் பாத்துக்கொண்டுதானே நிக்கிறார்.”

சாருகா அனுப்பினாள். கடிதம் வந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தகப்பனோடு நேரே பேசினாள். “தேத்தண்ணி குடிக்கிறீங்களோ அப்பா?” என்று.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், காத்திருந்தார்கள். பொங்கலை மின்னடுப்பில் பொங்கினார்கள். பொங்கி முடியும்வரை ஹீற்றர்களை நிறுத்திவைத்தார்கள். விமலாதேவி தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தாள். சலவையறையில் விரிப்பு மடிக்கையில், கிடைக்காவிட்டால் வீட்டை விற்க வேண்டி வருமோ, யாழின் பள்ளி மாறுமோ, அந்த இழுப்போடு அவள் எங்கே போவாள் என்று மடிப்புக்கு மடிப்பு நினைவு ஓடும். நோராவின் கம்பி மட்டும் நிலவறை யன்னலால் வந்து, ஒரு நாளும் நிற்காமல், பிள்ளையின் அறையைக் காத்தது.

பொங்கல் கொண்டுபோன அன்றுதான் அவள் முதல் தடவை நோராவின் வீட்டுக்குள் போனாள். நோரா கோட்டும் கம்பளிச் சால்வையுமாக, முழங்காலில் ஒரு போர்வையோடு, குசினியில் இருந்தாள். மற்ற அறைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

“என் பம்பு பழசு. ஒரு சின்னப் பெட்டி, வெளியே சுவரில். உறைபனி பிடித்துக் கடகடக்கிறது. நிறுத்திவிட்டேன்,” என்றாள் நோரா. “ஒரு ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். மார்ச்சில் வருவார்.”

விமலாதேவி அந்தக் குசினியையும் போர்வையையும் பார்த்தாள். தன் பிள்ளையின் அறை பத்தொன்பதில் இருக்கிறது. கம்பியைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றாள். நோரா கரண்டியால் பொங்கலைக் கிளறி, “இதில் முந்திரி இருக்கிறதா?” என்று கேட்டுப் பேச்சை முடித்துவிட்டாள்.

பெப்ரவரி நடுவில் கடிதம் வந்தது. சாருகா வகுப்பில். விமலாதேவி தனியே, நின்றபடியே திறந்தாள். ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். அனுமதிக்கப்பட்டது என்ற சொல்லில் நின்று, அது அந்தச் சொல்தானா என்று இன்னொரு தடவை பார்த்து, பிறகுதான் கதிரையில் இருந்தாள். சயூரன் பின்பக்கச் சுவரில், எந்த நாளும் பார்க்காமல், ஒரு செவ்வாய்க்கிழமை பம்பைப் பூட்டினான். குழாய்களில் தண்ணீர் ஓடத் தொடங்கிய சத்தத்தை யாழ் காதை வைத்துக் கேட்டாள். சோதிலிங்கம் நோராவின் கம்பியைச் சுருட்டி, ஹீற்றரையும் துடைத்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தான். அங்கே என்ன பேசினான் என்று வீட்டில் சொல்லவில்லை. கண் சிவந்து வந்தான்.

மார்ச் முதற்கிழமையில் மறுபடி குளிர் இறங்கியது. நோரா கண் சத்திரசிகிச்சைக்காக இரண்டு நாள் மகள் வீட்டுக்குப் போனாள். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி வீட்டுத் திறப்பை விமலாதேவியிடம் கொடுத்தாள். அவள் திரும்பிவர இருந்த நாள் விமலாதேவிக்கு வேலை இல்லை. வீட்டில் வேறொருவரும் இல்லை. பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வெளியே வந்து, வீட்டைச் சுற்றிப் பின்னால் போனாள். நோராவின் பழைய பெட்டி, விசிறி தெரியாமல், ஒரு முழு உறைபனிப் பாளத்துக்குள் நின்றது.

தன் வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொதிக்காமல், குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில், வாளியில் நிரம்பியது. பனிக்குள் முழங்கால் புதையச் சுமந்துபோய், மேலிருந்து மெல்ல ஊற்றினாள். ஒரு வாளிக்கு ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாளிக்கு ஓரம் வெடித்தது. தடியால் தட்டினால் தகடு வளைந்துவிடும் என்று சயூரன் ஒருமுறை சொன்னது ஞாபகம் வர, கையாலேயே பெயர்த்தாள். கையுறை நனைந்து விரல் மரத்தது. பதினொரு வாளி. கடைசிப் பாளம் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு தட்டுப்போலச் சரிந்து விழுந்தது. வடிந்த தண்ணீர் உறைந்து வழுக்காதிருக்க மண் தூவினாள்.

பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு நோராவின் வீட்டுக்குள் போய்ப் பம்பின் பொத்தானை அழுத்தினாள். முதலில் ஒன்றுமில்லை. சிறிது நேரத்தில் வெளியே விசிறி சுழல்வது கேட்டது. இன்னும் சற்று நேரம் கழித்து, குசினிச் சுவரில் மேலே இருந்த பம்பின் வாயால் இளஞ்சூடான காற்று அவள் முகத்தில் பட்டது. சாத்தியிருந்த அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். கதிரையில் கிடந்த போர்வையை மடித்து வைத்தாள். சலவையறையில் மடிப்பது மாதிரி, மூலைக்கு மூலை.

கதவைப் பூட்டி, வாளியைத் தன் நிலவறையில் கவிழ்த்துவிட்டு, யாழைப் பள்ளியால் கூட்டிவர மேடிறங்கிப் போனாள்.